இரண்டு வயது நிறையாத ஏழு குழந்தைகள்

நீ கேட்ட மனுவை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். ‘பெறுநர்’ என்று எழுதி, கீழே அதிகாரியின் பதவியை எழுதி, ‘பொருள்’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. படப்பை கடைத்தெரு வரை நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், தாள் அப்படியே கிடக்கிறது. முப்பது வருடமாக மனு எழுதுகிறவன் நான். ரேஷன் அட்டைக்கு எழுதியிருக்கிறேன், பட்டா மாற்றத்துக்கு எழுதியிருக்கிறேன், எனக்கு வரவேண்டிய பதவியை என்னிடம் வேலை கற்றுக்கொண்டவனுக்குக் கொடுத்ததை எதிர்த்து நான்கு முறை எழுதியிருக்கிறேன். ஒருமுறையும் கை நின்றதில்லை. அதனால் மனுவை ஒதுக்கிவைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். இது உன் கைக்கு மட்டும் வராது, அச்சுக்கும் அனுப்பப் போகிறேன். வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் நீ ‘விடுப்பா’ என்று சொல்லிவிடுவாய், அதோடு தீர்ந்துபோகும். அப்படித் தீர்ந்துபோகக் கூடாத விஷயம் இது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா. உன் மகள் யாழினிக்கு இரண்டு வயதாக இன்னும் மூன்று மாதமும் சில நாட்களும் இருக்கின்றன. இதுவரை அவளைப் பார்த்துக்கொண்ட, உன் மனைவி ரேவதியின் தங்கை நர்சிங் படிப்பில் இடம் கிடைத்து ஊருக்குப் போய்விட்டாள். ரேவதியின் கம்பெனியில் நிரந்தரம் செய்யும் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. தங்கை போனதிலிருந்து விடுப்பில் இருக்கிறவள் முதல் தேதி வேலைக்கு வரவில்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். உனக்கோ வாரா வாரம் மாறும் ஷிஃப்ட். அவளுக்குக் காலை எட்டரையிலிருந்து ஜெனரல் ஷிஃப்ட். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார், நடுவில் உள்ள பொழுதுக்குத்தான் அங்கன்வாடி. அங்கே கேட்டதற்கு இரண்டு வயது நிறைந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ரேவதி உன்னிடமிருந்து போனை வாங்கி, “மாமா, நீங்க எழுதுனா நடக்கும்லா? அந்த டீச்சர் நல்லவியதான், ஆனா பயப்படுதாவ” என்றாள். நான் எதற்குப் பயம் என்று கேட்டேன். அதற்கு நீ பின்னாலிருந்து சொன்ன பதில் என் காதில் இன்னும் நிற்கிறது. “ரொம்ப வருசத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் பெட்டிஷன் போட்டு ஒரு டீச்சர தூக்கிட்டானாம்பா. அதுலேர்ந்து இந்தப் பக்கம் ஒருத்தரும் ரெண்டு வயசுக்குக் கீழ எடுக்கிறது இல்லியாம். அவன்லாம் நல்லாருப்பானா சொல்லு.” நான் ‘ம்’ என்றேன். உனக்கு நினைவிருக்காது.

அந்த எவனோ ஒருவன் நான்தான்.

நாம் அப்போது ஒரகடத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் குடியிருந்தோம், பெயர் வேண்டாம். கம்பெனிகள் இவ்வளவு வந்திருக்கவில்லை. பெண்களை ஏற்றிக்கொண்டு போக காலையில் ஒரு வேன் வரும், அவ்வளவுதான். உனக்கு ஐந்து வயதாக இரண்டு மாதம் இருந்தது. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. நீ பிறந்தது ஆகஸ்ட் ஒன்பது. தலைமையாசிரியர் என்னைவிடச் சின்னவர், என்னைவிடக் குறைவாகப் படித்தவர். “ஒன்பது நாள் சார். ஒன்பது நாள்னாலும் ரூல் ரூல்தானே? பால்வாடியிலயே வுட்டுட்டு அடுத்த வருசம் கூட்டினு வாங்க” என்று சிரித்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கூடக் கணக்கில் ஜூன் மாதம் பிறந்தவர்கள். அந்த ஊரில் ஜூனில் அவ்வளவு பிரசவம் நடந்திருந்தால் மருத்துவச்சி செத்துப்போயிருப்பாள். எல்லோரும் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் உண்மையான தேதியைக் காகிதத்தோடு கொடுத்தேன். உண்மை பேசியதற்கு உனக்கு ஒரு வருடம் தண்டனை என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது, மறைக்கவில்லை.

அந்தக் கொதிப்போடு உன்னைத் திரும்பப் பால்வாடியில் விடப் போனேன். உள்ளே நான் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. கொண்டுவிடுவதும் அழைத்துவருவதும் உன் அம்மா வேலை. மூலையில் ஒரு பாயில் ஏழு குழந்தைகள். ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது, இரண்டு தூங்கின, ஒன்று மல்லிகா டீச்சரின் இடுப்பில் இருந்தது. எந்தக் குழந்தைக்கும் இரண்டு வயது இருக்காது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. “இதுங்க யாரு டீச்சர்?” என்று கேட்டேன். “வேன்ல போற பொம்பளைங்க புள்ளைங்க சார். எங்க வுடுவாங்க பாவம்” என்றார். எனக்கு அந்தப் ‘பாவம்’ பிடிக்கவில்லை. ஒன்பது நாள் குறைந்ததற்கு என் பிள்ளைக்குப் பாவம் பார்க்க ஒருத்தரும் இல்லை, ஒரு வருடம் குறைந்தவர்களுக்கு இங்கே பாய் விரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தட்டச்சு மையத்துக்குப் போய் மனு அடித்தேன். பத்திக்கு எண் போட்டு, மூன்று நகல். ‘இரண்டு வயது நிறைவடையாத குழந்தைகள் எழுவர் விதிமுறைகளுக்கு முரணாக’ என்று இரண்டாவது பத்தி தொடங்கும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். அதில் எந்த வாக்கியமும் பொய்யில்லை. முன்பொரு நாள் டீச்சர் ஒரு கைக்குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நான்கு வயதுப் பையன் ஒருவன் தார்ச்சாலை வரை நடந்துபோய்விட, ஒரு லாரி ஓட்டுநர் தூக்கிவந்து விட்டார். அதையும் எழுதினேன், அதுவும் நடந்ததுதான். உண்மைகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய அக்கிரமம் செய்ய முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அனுப்பிய அன்று உன் அம்மா, “எத்தனை நகல் போட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். மூன்று என்றேன். உள்ளே போய்விட்டாள். நான்கு நாள் பேசவில்லை. நான் உன் பள்ளிக்கூட விஷயத்துக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே வாரத்தில் சோதனைக்கு ஆள் வந்தார்கள். என் மனுக்களில் அவ்வளவு சீக்கிரம் பலித்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை நான் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பால்வாடி வாசலில் ஏழு பெண்கள் இடுப்பில் குழந்தையோடு நின்றார்கள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. செல்வி என்று ஒருத்தி, புருஷன் இல்லாதவள், குழந்தையோடே வேன் படியில் ஒரு காலை வைத்தாள். ஓட்டுநர், “புள்ளையோட வரக்கூடாதும்மா, என் வேலைக்கு வேட்டு வெச்சிடாத” என்றார். அவள் காலைக் கீழே எடுத்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை, காலை எடுத்தாள். மூன்று பேர் ஏறினார்கள், குழந்தையை எங்கே கொடுத்துவிட்டு ஏறினார்கள் என்று தெரியாது. நான்கு பேர் ஏறவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். விதி ஒருவழியாக நடக்கிறது என்று தோன்றியது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன். மல்லிகா டீச்சரை இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு மாற்றினார்கள். உனக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. அந்த வருடம் முழுதும் புது டீச்சரிடம் அதே பால்வாடியில், எல்லோரையும்விட உயரமான பிள்ளையாக உட்கார்ந்திருந்தாய்.

இந்த மூன்று நாளில் நான் நியாயத்தைப் பற்றித்தான் யோசித்தேன். வயதுக்கு ஒரு கோடு போடாமல் அரசாங்கத்தால் நடத்த முடியாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு டீச்சர், ஒரு ஆயா, இருபது இருபத்தைந்து பிள்ளைகள். இதில் கால் கழுவிவிட வேண்டிய குழந்தைகளையும் சேர்த்தால் நான்கு வயதுப் பிள்ளை சாலைக்குத்தான் போகும். கோட்டை எங்கே போட்டாலும் ஒன்பது நாள் அந்தப் பக்கம் நிற்கிற ஒரு பிள்ளை இருக்கவே செய்யும், அந்தப் பிள்ளைக்கு ஒரு தகப்பனும் இருப்பான். என்னைக் குடைவது அதுவல்ல. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாயும் முட்டையும் பாட்டும் இருக்கின்றன, அந்தப் பக்கம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. பிரசவ விடுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது என்கிறது ஒரு சட்டம், அதுவும் கிடைக்கிறவர்களுக்கு. அங்கன்வாடி இரண்டு வயதில் தொடங்குகிறது என்கிறது இன்னொரு விதி. நடுவில் பதினெட்டு மாதம். அந்தப் பதினெட்டு மாதத்தில் குழந்தை எங்கே இருக்கும் என்று இரண்டையும் எழுதியவர்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய கம்பெனிகளில் குழந்தை காப்பக அறை இருக்கிறது, நிரந்தரப் பணியாளர்களுக்கு. நிரந்தரமாவதற்கு முன்னால்தான் ரேவதிக்கு அது வேண்டியிருக்கிறது. மல்லிகா டீச்சர் அந்தப் பதினெட்டு மாதத்தின் மேல் ஒரு பாயை விரித்திருந்தார். அதை உருவியவன் நான். ஒரு விதி அநியாயமாக இருக்கும்போது அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தச் சொல்வது நியாயம் ஆகாது என்பதை எம்.ஏ. படித்தும் நான் தெரிந்துகொள்ளவில்லை.

முந்தாநாள் இருப்புக் கொள்ளாமல் ஷேர் ஆட்டோ பிடித்து வடக்குப்பட்டு போனேன். மல்லிகா டீச்சர் ஓய்வுபெற்று அங்கேதான் இருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். மூன்று மாதம் யாழினியைப் பார்த்துக்கொள்வாரா என்று கேட்கத்தான் போனேன், மன்னிப்பைக் கூடவே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“வா சார். இன்னா, இவ்ளோ வருசம் கழிச்சி வூடு தெரிஞ்சிச்சா?”

நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பெட்டிஷன் நீ போட்டதுதானே? தெரியும், உக்காரு” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “ஆபீஸ் மேடம் என்னைக் கூப்ட்டு படிச்சிக் காட்டுனாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நெம்பர் போட்டு எழுதிக்கீது. அந்த ஊர்ல நெம்பர் போட்டு திட்றவன் நீ ஒருத்தன்தான் சார்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கு வந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். “உம் புள்ள எங் கைக்கு எப்ப வந்தான், தெரியுமா?”

“ரெண்டு வயசுல.”

“ரிஜிஸ்தர்ல ரெண்டு வயசு. வந்தது ஒன்றரை வயசுல. நீ அப்ப ஓசூர்ல வேலைன்னு மாசம் ஒருக்கா வருவ. உன் மாமனாரு கால எடுத்துட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கெடந்தாரு. உன் வூட்டம்மா காலைல புள்ளைய எம் மடில போட்டுட்டு பஸ் ஏறும், சாயங்காலம் வந்து தூக்கினு போவும். அஞ்சி மாசம். மொதமொத நடந்தது எங்கிட்டதான், அந்தப் பால்வாடி சுவத்த புட்ச்சினு.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். “யார்கிட்ட சொல்றது? மனு எழுதறவன்கிட்டயா?” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “உன் வூட்டம்மா வந்துச்சி, மாத்தல் வந்த அன்னிக்கி. ஒண்ணும் பேசல. அழுதுட்டு போச்சி” என்றார்.

உன் அம்மா போய் ஆறு வருடமாகிறது. ஒருமுறை, ஒரே ஒருமுறை சண்டையிலாவது அதைச் சொல்லி என்னை அறைந்திருக்கலாம் அவள். சொல்லவில்லை. நீ முதன்முதல் நடந்தது நம் வீட்டில்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், ஓசூரிலிருந்து கேள்விப்பட்டதை. ஒன்றரை வயது தாண்டியும் நடக்காத பிள்ளையை யார் கையில் விட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் மனுவில் இருந்த ஏழு குழந்தைகளோடு எட்டாவதாக நீயும் ஒருகாலத்தில் அந்தப் பாயில் படுத்திருக்கிறாய். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போனவள்மேல் கூட.

யாழினியைப் பற்றிக் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். டீச்சர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். “கீழ உக்காந்தா எய்ந்துக்க ரெண்டு ஆள் வேணும். இன்னொருத்தர் கொயந்தைய நான் எப்படி தூக்குவேன்? ஏன், உனக்கு இன்னா? கை கால்லாம் நல்லாத்தானே கீது? நீ பாத்துக்கோ. மூணு மாசம் பாரு சார். அப்பறம் எத்தினி பத்தி வேணாலும் எழுது.” கிளம்பும்போது கீரையில் ஒரு கட்டு எடுத்துக் கையில் கொடுத்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை.

நேற்று என் கம்பெனியில் விடுப்பு கேட்டேன். மனிதவளத் துறையில் இருக்கிற பையன், “மூணு மாசமா சார்? உங்களுக்கா, உங்க ஒய்ஃபுக்கா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எடுக்காமல் கிடக்கும் விடுப்பு நாற்பது நாள் இருக்கிறது, அது உறுதி. அதற்கு மேல் சம்பளமில்லாத விடுப்புக்கு மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மேலாளர் யார் என்று உனக்குத் தெரியும், என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன்தான். பத்து வருடமாக அவன் அறைக்குள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன், இன்று காலை போய் நின்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். கொடுக்காவிட்டால் வேலையை விடுவேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை, அப்படி நினைத்துக் கண் கலங்காதே. நான் வேலை பார்க்கும் அந்த ஸ்டோர்ஸ் அறையைவிட்டு வெளியே வர ஒரு காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தக் கடிதத்தை நடுவில் நிறுத்திவிட்டு, மனுவை இன்று மத்தியானம் எழுதி முடித்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்ட மனு அல்ல இது, படித்தால் கோபப்படுவாய். அதில் யாழினியின் பெயர் இல்லை. அவளுக்கு மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்லி எழுதினால், அந்தச் சின்ன டீச்சர் அவளைப் பாயில் உட்கார வைப்பாள், எதிர்த் தெருவில் என்னைப் போல் ஒருவன் ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ணுவான். அவனிடமும் ஒரு நியாயம் இருக்கும். அதனால் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். கம்பெனிகள் சூழ்ந்த ஊர்களின் மையங்களில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் ஆயாவும் ஓர் அறையும் வேண்டும், நேரம் ஷிஃப்டுக்கு ஒத்துவர வேண்டும் என்று. முதல் பத்தியில் என் பழைய மனுவைப் பற்றி எழுதி என் பெயரையும் போட்டிருக்கிறேன். நீங்கள் குடியிருக்கும் தெருவில் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிற தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கு. யாராவது இந்தக் கிழவன்தானா அவன் என்று கேட்டால் ஆமாம் என்று சொல். பலிக்குமா என்று கேட்காதே. நல்லதற்கு நான் எழுதி எதுவும் சீக்கிரம் நடந்ததில்லை.

ரேவதியை முதல் தேதி வேலைக்குப் போகச் சொல். அதற்கு இரண்டு நாள் முன்பே நான் வந்துவிடுவேன், குழந்தை என் முகத்துக்குப் பழக வேண்டும். அவள் எத்தனை மணிக்குப் பசித்து அழுவாள், சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டுமா அல்லது தானே அள்ளித் தின்பாளா, தூங்கும்போது தோளில் போட வேண்டுமா தூளியில் விட வேண்டுமா, இதையெல்லாம் ரேவதியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வை. நம்பர் போட வேண்டாம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. உன்னை நான் வளர்த்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ எப்படித் தூங்குவாய் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.